தகட்டை மூடிய கை

நவம்பர் 9

மீரிமின் அப்பாவுக்கு,

வீட்டிலிருந்து சைரகுல் சலாம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் அப்பா, பிள்ளைகள் மீரிம், தாஸ்தான், நான் என்று நான்கு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நோவோசிபிர்ஸ்கில் உங்களுக்கும் கைகால் சுகம்தான் என்று நம்புகிறேன். பஸ் ஓட்டுகிற குபாத் நாளைக் காலையில் புறப்படுகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் உலர்ந்த தயிர்க்கட்டியும் கொடுத்தனுப்புகிறேன். பஸ் நிலையத்தில் வழக்கம்போல நீங்கள் வந்து வாங்கிக்கொள்வீர்கள் என்றான்.

முதலில் நிலக்கரி விஷயம். நீங்கள் அனுப்பிய பணம் மாவுக்கும் மாமாவின் மருந்துக்கும் போய்விட்டது. அதனால் கிடாரியை விற்றேன். கோபப்படாதீர்கள். மாமாவிடம் கேட்டுத்தான் விற்றேன். அந்தக் காசுக்கு ஒரு லாரி வந்து முற்றத்தில் கரி கொட்டியது. மேலே பார்த்தால் ஒவ்வொரு கட்டியும் ஆட்டுத்தலை அளவு, பளபளவென்று. லாரி போன பிறகு கிளறினால் அடியில் முக்கால்வாசி தூள். கூடவே கல். மாமா ஊன்றுகோலால் கிண்டிப் பார்த்துவிட்டு, "மேல மாப்பிள்ளை, கீழ கடன்காரன்" என்றார். லாரிக்காரனை எங்கே தேடுவது?

தூளை வீணாக்கவில்லை. களிமண்ணும் கொஞ்சம் சாணியும் போட்டுப் பிசைந்து, மீரிமும் நானுமாக உருண்டை பிடித்துக் காயவைத்தோம். நன்றாகவே எரிகிறது, ஆனால் அணைய நேரமாகிறது. ஆட்டுச்சாணிப் பாளம் முன்னே மாதிரி கிடைப்பதில்லை. கூட்டுப் பண்ணை கலைந்து மந்தை போனது, மந்தையோடு சாணியும் போனது. மின்சாரம் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். செங்கல்லில் கம்பிச் சுருள் வைத்த அந்த மின்சார அடுப்பைப் போடலாம் என்றால், அது கூடாதென்று மீட்டர் பார்க்கிற ஆள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான்.

பெரிய அறையைப் பூட்டிவிட்டேன். எல்லோரும் அடுப்பறையில்தான் படுக்கிறோம். ஜன்னல் இடுக்கெல்லாம் மாவுப் பசையில் பழைய செய்தித்தாள் ஒட்டியாயிற்று. கதவுக்கு உங்கள் பழைய ஆட்டுத்தோல் மேலங்கியைத் தொங்கவிட்டிருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள்தான் வாசலில் நிற்கிறீர்கள் என்று தாஸ்தான் ஓடி வருகிறான். மூன்று வயசுப் பிள்ளைக்கு எத்தனை முறை சொல்வது?

ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று வைத்துக்கொண்டால் ஜனவரி பாதியில் தரை தெரிந்துவிடும். ஒன்றரை வாளியில் நிறுத்தப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம். உங்கள் அண்ணன் வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் டிராக்டருக்காகச் சண்டை போட்டு முற்றத்தின் நடுவே அடித்தீர்களே ஒரு பலகை வேலி, அது இளைத்துக்கொண்டே வருகிறது. நாளுக்கு ஒரு பலகை காணோம். உங்கள் அண்ணியின் புகைக்கூண்டில் வருவது கரிப்புகை இல்லை, பைன் மரப் புகை. மூக்கு இருக்கிற எவருக்கும் தெரியும். நேற்று என்னால் அடக்க முடியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "அக்கா, இந்த வேலிக்கு என்ன சீக்கு? வரவர எலும்பும் தோலுமா ஆயிட்டு வருதே" என்று கேட்டுவிட்டேன்.

துர்துகானக்காவுக்கா வாய் இல்லை? "காத்து அடிக்குதுடி. உன் புருஷன் அடிச்ச ஆணின்னு காத்துக்குத் தெரியுமா என்ன?" என்றாள்.

"ஆணியைப் பிடுங்கி வரிசையா டப்பாவுல போட்டு வைக்கிற காத்தை இப்பத்தான் பார்க்கிறேன்."

"ஆணி விக்கிற விலைக்கு காத்துக்கும் புத்தி வந்துடுச்சு."

அதற்குள் மாமா ஜன்னலைத் தட்டி, "எரிக்கிறதுன்னா கிணத்துப் பக்கத்துப் பலகையை எரிங்கடி! அதுதான் காய்ஞ்சது! ஈரப் பலகையை எரிச்சு ஊரையே இரும வைக்காதீங்க!" என்று கத்தினார். அவள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இதை நீங்கள் பேச்சு என்று கணக்கில் எடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் வீட்டு அடுப்பு நல்ல அடுப்பு. ஜெர்மனிக்குப் போய்விட்டாரே அடுப்பு கட்டுகிற யாகோவ், அவர் போகும் முன் கட்டிக்கொடுத்தது. ஒரு வாளி போட்டால் மறுநாள் வரை சுவர் வெதுவெதுவென்று இருக்குமாம். அவளிடம் கரி இல்லை. நம்மிடம் கரி இருக்கிறது, அடுப்பு சூட்டையெல்லாம் வானத்துக்கு அனுப்புகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

குளிரில் கட்டடச் சாரத்தில் ஏறி நிற்கும்போது கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போடுங்கள். உங்கள் கையெழுத்தில் நான்கு வரி வந்தால் மாமாவுக்கு இருமல் குறையும்.

சைரகுல்

*

ஜனவரி 17

மீரிமின் அப்பாவுக்கு,

குபாத் கொடுத்த கடிதமும் மிட்டாயும் வந்து சேர்ந்தன. சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயில் ராத்திரி துவைத்த சட்டை காலையில் காய்ந்துவிடுகிறது என்றும், புழுக்கம் தாங்காமல் ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை மீரிம் மூன்று முறை படித்துக் காட்டினாள். "அப்பா ஏன் அந்தக் குழாயை இங்க கொண்டு வரலை?" என்று தாஸ்தான் கேட்டான். உங்களுக்குக் குளிரவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

இங்கே குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போய்விட்டது. வாளித் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால் மேலே பனித்தோல் கட்டிவிடுகிறது. கரி நான் கணக்குப் போட்டதற்கும் முன்னாலேயே அனேகமாகத் தீர்ந்துவிட்டது. மீரிமின் பள்ளிக்கூடத்தில் மை உறையாமலிருக்க மைக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்களாம். துர்துகானக்காவின் மகள் குல்ஜானும் இவளும் இப்போது ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அண்ணன் மகள் தம்பி மகளிடம் பேசாமல் இருக்க முடியுமா?

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பயப்படாமல் படியுங்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் அரசாங்கக் கரி கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு மூட்டை, ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். காலையிலேயே நான் கைவண்டியை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். மீரிம் வகுப்பில். மாமாவும் தாஸ்தானும் அடுப்புச் சுவரை ஒட்டிப் படுத்திருந்தார்கள். அடுப்பில் கரி முழுதும் எரிந்து முடியும் முன்பே, சூடு வெளியே போகாமல் புகைக்குழாயை அடைக்கிற தகடு மூடியிருந்தது. புகை போக வழி இல்லை. ஜன்னல் இடுக்கெல்லாம்தான் நான் ஒட்டி வைத்திருந்தேனே.

துர்துகானக்கா அப்போது நம் ஜன்னலோரம் வந்திருக்கிறாள். பலகை பிடுங்கத்தான் வந்தேன் என்று அவளே சொல்கிறாள், ஒளிக்கவில்லை. வழக்கமாக மாமா ஜன்னலைத் தட்டித் திட்டுவாராம். அன்றைக்குத் திட்டு வரவில்லை. "கிழவருக்கு என்னாச்சு, இன்னைக்கு ஒரு வார்த்தையும் காணோம்னு எட்டிப் பார்த்தேன்" என்றாள். மாமா பாதி தரையில் சரிந்து, கை கதவுப் பக்கம் நீட்டியபடி கிடந்திருக்கிறார். கையிலிருந்த பலகையாலேயே ஜன்னலை அடித்து உடைத்து உள்ளே குதித்து, முதலில் பிள்ளையை, பிறகு மாமாவைக் காலைப் பிடித்து இழுத்துப் பனியில் போட்டிருக்கிறாள்.

நான் வண்டியோடு திரும்பி வந்தபோது முற்றத்தில் ஊரே நின்றது. தாஸ்தானின் கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்திருந்தது. நான் வீட்டில் இருந்திருந்தால், பிள்ளை நன்றாகச் சூடாகத் தூங்குகிறான் என்று போர்த்திவிட்டிருப்பேன். துர்துகானக்கா அவன் முகத்தில் பனியைத் தேய்த்து, "அழுடா! அழுது தொலைடா! ஒரு தடவை அழு, உனக்கு நான் குதிரை வாங்கித் தரேன்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் வாந்தி எடுத்தான், பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் வண்டியின் கைப்பிடியை விட்டேன்.

மாமாவுக்குச் சாயங்காலம்தான் நினைவு வந்தது. செவிலி வந்து பார்த்தாள், ஊசி போட்டாள், புளித்த மோர் கொடுக்கச் சொன்னாள். தகட்டை யார் மூடினது என்று அவள் கேட்டாள். மாமாதான் மூடினாராம்.

இப்போது நாங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். நம் வீட்டு ஜன்னல் உடைந்து கிடக்கிறது, கண்ணாடி மாற்ற வழியில்லை. எங்கே போவது? நான் கொண்டு வந்த மூட்டைக் கரி, மீதி உருண்டைகள், அவள் வீட்டு அடுப்பு. சேர்த்து வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு வாளி போதுகிறது. ஆறு பேர் ஒரே அறையில் படுப்பதே பாதி அடுப்பு. வேலியைப் பகலிலேயே, கூச்சமில்லாமல், இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்குகிறோம். ஆணியை மட்டும் அவள் இன்னும் டப்பாவில்தான் போடுகிறாள்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை நான் செய்துவிட்டேன். அதற்கு என்னைத் திட்டுங்கள். மாமாவைத் திட்டி எழுத வேண்டாம், அவர் தளர்ந்துபோயிருக்கிறார். நேற்று துர்துகானக்காவை, செத்துப்போன அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் "என்ன சொல்லுங்க" என்று அத்தை மாதிரியே பதில் கொடுத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எழுதத் தோன்றவில்லை.

சைரகுல்

*

மார்ச் 4

மீரிமின் அப்பாவுக்கு,

சலாம். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். நின்றுகொண்டு படிக்காமல் எங்கேயாவது உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் அப்பா பிப்ரவரி பதினொன்றாம் தேதி விடியற்காலையில் காலமாகிவிட்டார். அன்றைக்கே தொழிலாளர் விடுதி முகவரிக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் தந்தி அலுவலகத்துப் பெண் என்னைக் கூப்பிட்டு, அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்திருப்பதாகச் சொன்னாள். பனிச்சரிவில் கணவாய் மூடியதால் குபாத்தின் பஸ்ஸும் ஓடவில்லை. அக்கா கொடுத்த தந்தி, அதே ஊரில் வேலை செய்கிற உங்கள் அண்ணனுக்குக் கிடைத்தது. அவர் வேறு பாதையில் ரயிலும் லாரியுமாக மாறி மாறி வந்து சேர்ந்தார். உங்களுக்குச் செய்தி இந்தக் கடிதத்தில்தான் தெரிகிறது என்றால், இப்படி எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி உங்கள் பதில் வந்தது. கிணறு உறைந்துபோனதால் நான் ஆற்றில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். குபாத் கடிதத்தை நேராக மாமா கையில் கொடுத்துவிட்டான். மாமாவுக்குப் படிக்கிற அளவுக்குக் கண் தெரியாதே. மீரிமைக் கூப்பிட்டு, "உங்கப்பன் என்ன எழுதியிருக்கான், சத்தமாப் படி" என்றிருக்கிறார். அவள் எட்டு வயதுப் பெண், எதைப் படிப்பது எதை விடுவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே வரும்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். "புத்தி கெட்ட கிழவர் என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார். அவரை அடுப்புப் பக்கமே விடாதே. அவர் கைக்கு எட்டாத மாதிரி தகட்டைக் கம்பி போட்டுக் கட்டு." நான் வாளியோடு நின்றுவிட்டேன். துர்துகானக்கா மாவு பிசைந்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

மாமா சிரித்தார். "சரியாத்தானே எழுதியிருக்கான். பிள்ளையப் பெத்தவனுக்குக் கோபம் வராதா? இன்னும் நாலு வரி கூட எழுதியிருக்கலாம். படி, படி, எனக்கு வேற என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

அவருக்கு வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மீரிம் என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே, "தாத்தாவுக்கு சலாம்னு போட்டிருக்கு" என்றாள். பெண் பிள்ளைகளுக்குப் பொய் எப்போது வருகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். அந்தத் தகட்டை மூடியது மாமா இல்லை. நான்.

அன்று காலையில் வீட்டில் அரை வாளிக் கரிதான் இருந்தது. வரிசையில் எத்தனை நேரம் நிற்க வேண்டுமோ, கரி கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. இருக்கிற சூடு நான் திரும்பும் வரை சுவரில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உருண்டைகள் மேல் நீலச் சுடர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நீலம் இருக்கும்போது மூடக் கூடாது என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் தெரியாதவர் யார்? கொஞ்ச நேரம்தானே, உருண்டை அணையப் போகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தகட்டைக் கடைசிவரை தள்ளி மூடினேன். மாமா படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் மூடுறியோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "அதெல்லாம் அணைஞ்சிடுச்சு மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அன்று சாயங்காலம் செவிலி கேட்டபோது வாசலில் பாதி ஊர் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்க முடியாதவர், "நான்தான். குளுருச்சு, எழுந்து மூடினேன். கிழட்டுப் புத்தி" என்றார். எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். நான் பேசாமல் நின்றேன். அப்போது பேசாதவள் மறுநாள் பேசியிருக்கலாம். உங்களுக்கு எழுதும்போது எழுதியிருக்கலாம். "மாமாதான் மூடினாராம்" என்று எழுதினேனே, அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

உங்கள் கடிதத்தைக் கேட்ட பிறகு எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் எல்லோரும் வெளியே போனதும் அவர் காலடியில் உட்கார்ந்து, "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? அவருக்கு நான் எழுதிடறேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "எழுதி? என் பிள்ளை ஷெர்மத்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு உன்மேல கோபப்படுவான். ஊர் வாசல்ல நின்னு கோபப்படும். நீ இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு மாசக் குளிரைத் தாண்டணும். கிழவன் மூடினான்னா கிழவன் மூடினான், வசந்தத்துக்குள்ள மறந்துடுவாங்க. தாய் மூடினான்னா பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க" என்றார்.

"உங்க பிள்ளை உங்களைத் தப்பா நினைக்கிறாரே மாமா."

"அவன் டிராக்டர் விஷயத்துலயே நினைச்சாச்சு. அதோட இதுவும் இருந்துட்டுப் போகட்டும். தேநீர் ஊத்து."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஒன்பதாம் தேதியிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சு பழசு, அந்தப் புகையால் இல்லை என்று செவிலி சொல்கிறாள். அவளை நம்பப் பார்க்கிறேன். சில நாள் நம்ப முடிகிறது.

அவர் எப்போதும் ஒன்று சொல்வார், உங்களுக்கும் தெரியும். "குளிர்காலத்துல சாக மாட்டேன். குழி வெட்டுறவன் என் ஏழு தலைமுறையையும் சபிப்பான்." இந்த வருஷம் மண் ஒரு ஆள் இடுப்பு ஆழத்துக்கு உறைந்திருந்தது. கடப்பாரை பட்டால் பொறிதான் பறந்தது. ஆண்கள் திரும்பி வந்து, மேலே நெருப்புப் போட்டு மண்ணை இளக்கினால்தான் வெட்ட முடியும், டயர் கொஞ்சம் இருக்கிறது, கரி வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். துர்துகானக்கா கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு, "என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? சறுக்குவண்டியக் கொண்டாங்க. எங்க மாமனாருக்கு எத்தனை மூட்டை ஆகுமோ அத்தனையும் எடுங்க. உயிரோட இருந்தப்ப அவருக்குச் சூடு போதலை" என்றாள். மாதத் தொடக்கத்தில் இரண்டு வீட்டுக்குமாக அரசாங்கம் மறுபடி கொடுத்த நான்கு மூட்டையும் போயிற்று. ஒரு பகலும் ஓர் இரவும் அந்த இடத்தில் நெருப்பு எரிந்தது. வாசலில் நின்றாலே இடுகாட்டு மேட்டில் புகை தெரிந்தது.

பிறகு எங்களுக்குக் கரி எப்படி என்று கேட்பீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் மாவுக்கும் துணிக்கும் பதிலாக, சொல்லி வைத்தமாதிரி, ஆளுக்கு ஒரு வாளி கரியோ ஒரு கோணிச் சாணிப் பாளமோ கொண்டு வந்தார்கள். மீட்டர் பார்க்கிற ஆள்கூட ஒரு வாளி கொண்டு வந்து, ஓரமாக வைத்துவிட்டுப் போனான். அதில்தான் இன்றுவரை எரிகிறது.

நம் வழக்கப்படி அவரைக் கிடத்த முற்றத்தில் கம்பளக் கூடாரம் போட்டோம். உங்கள் அண்ணன் மூன்றாம் நாள் மதியம் வந்து, மகன்கள் நிற்கிற முறையில் கோலை ஊன்றி வாசலில் நின்று அழுதார். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் ஒருவர்தான் நின்றார். சித்தப்பா மகன் ஒருவன் உங்கள் இடத்தில் நிற்கிறேன் என்று வந்தான். அண்ணன் விடவில்லை. "அது என் தம்பி இடம். காலியா இருக்கட்டும்" என்றார். நீங்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தாலும் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து, வேலி இருந்த இடத்தில் குழிகள் மட்டும் தெரிவதைப் பார்த்து, "இங்க இருந்தது என்னாச்சு?" என்று கேட்டார். "உங்கப்பாவுக்குத் தேநீர் வச்சோம்" என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் ஐந்து நாள் இருந்தார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது தாஸ்தான் அவர் மடியில் ஏறி, சட்டை காய்கிற வெந்நீர்க் குழாயைப் பற்றிக் கேட்டான். அண்ணன் சிரித்து, "குழாயா? வேலைக்கு வந்த எங்களுக்கெல்லாம் கொட்டகையில பீப்பாயை வெட்டிச் செஞ்ச இரும்பு அடுப்பு ஒண்ணுதான். இருபது பேர் முறை வச்சுக் கரி போடுவோம். தலைமாட்டுல வச்ச தண்ணி காலையில கட்டியாயிருக்கும். குழாயெல்லாம் அடுக்குமாடி வீட்டுல, குடும்பமா இருக்கிறவங்களுக்கு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு தேநீரைக் கரண்டியால் வெகுநேரம் கலக்கினார். அதில் சர்க்கரை போடவில்லை. துர்துகானக்கா எழுந்து போய் அடுப்பைக் கிளறினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

உங்களை எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று நான் கேட்டேன். "இலையுதிர் காலத்துல, சந்தையில, தூரத்துல. பேசலை, தங்கச்சி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும், இல்லை உண்மை சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவைப் புதைக்க வந்த மனிதருக்கு இரண்டுமே கஷ்டம்.

நான் உங்களிடமும் கேட்கவில்லை. என் தப்பை என் கையால் எழுதிவிட்டேன், என்ன செய்வீர்களோ செய்யுங்கள். ஒன்று மட்டும் செய்ய வேண்டும். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரி நான் செய்ததற்காக எழுதியது. அதை மனசிலிருந்து எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை எங்கேயாவது அவருக்காக உட்கார்ந்து ஓதுங்கள். மேட்டில் அத்தைக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். தாஸ்தான் நன்றாக இருக்கிறான். குதிரை எங்கே என்று பெரியம்மாவைத் தினமும் அரிக்கிறான்.

அக்காவும் நானும் ஒன்று பேசி முடிவு செய்திருக்கிறோம். வருகிற குளிர்காலத்துக்கான கரியை ஆகஸ்டிலேயே, விலை ஏறும் முன்பே, சுரங்கத்து வாசலுக்கே போய்க் கண்ணால் பார்த்து வாங்கப் போகிறோம். அடி தூளாக இருந்தால் அங்கேயே கொட்டச் சொல்வேன், இந்த முறை ஏமாற மாட்டேன். ஓர் அடுப்பு என்றால் இவ்வளவு, இரண்டு அடுப்பு என்றால் இவ்வளவு என்று அவள் கணக்குச் சொல்கிறாள். அண்ணன் அக்டோபரில் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவரைச் சேர்த்துக்கொண்டாள். என்னிடம், "உன் பக்கம் எத்தனை பேருடி?" என்று கேட்டாள். கரி போடுகிற வாளியைக் கழுவ வேண்டும் என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன். அதை யாராவது கழுவுவார்களா?

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடவா, அப்படியே பூட்டி வைக்கவா, எத்தனை பேருக்குக் கரி வாங்குவது? ஆகஸ்டுக்கு முன் எழுதுங்கள். குபாத்திடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்ப வேண்டாம். உங்கள் கையெழுத்தில், ஒரு வரியாக இருந்தாலும் சரி. மீரிம் கையில் போகாமல் என் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள்.

ஆண்டவன் உங்களைக் காக்கட்டும். நீங்கள் இருக்கிற வீட்டையும் அவன் காக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளின் தாய்,
சைரகுல்